தொழுநோய்க் கிருமி இழந்ததும் மதுரை மண்ணின் கிருமி சேர்த்ததும்

திருமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாக்டீரியா இரண்டாகப் பிரிந்து பெருகுகிறது, தாய் செல்லும் சேய் செல்லும் ஒன்றே என்று வகுப்பில் சொல்கிறோம். அப்படியானால் அவற்றுக்குள் பரிணாமம் எப்படி நடக்கிறது? தொழுநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வில் பாதி வேலை செய்யாமல் கிடக்கிறது என்று படித்தேன். இதைப் பரிணாமம் என்பதா, சீரழிவு என்பதா? இழந்த மரபணுக்கள் அதற்குத் திரும்பக் கிடைக்குமா என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். என்ன பதில் சொல்வது?"

மாணவியின் கேள்விதான் மூன்றிலும் ஆழமானது. முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். அது பரிணாமம்தான். இழப்பதும் பரிணாமமே. இழந்தது திரும்பக் கிடைக்குமா என்பது, அந்தப் பாக்டீரியா எங்கே, எவற்றோடு வாழ்கிறது என்பதைப் பொறுத்தது. தொழுநோய்க் கிருமிக்குக் கிடைக்காது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவுக்குக் கிடைக்க வழியுண்டு. இதை விளக்க இரண்டு பாக்டீரியாக்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டு உலகப் புகழ் பெற்ற தொழுநோய்க் கிருமி. மற்றொன்று, மதுரையின் பெயரையே தாங்கியிருக்கும் ஒரு மண்வாழ் பாக்டீரியா.

தொழுநோய்க் கிருமியான மைக்கோபாக்டீரியம் லெப்ரேயை 1873-இல் நார்வேயின் பெர்கன் நகரில் கண்டறிந்தவர் ஹான்சன். மனித நோய் ஒன்றுக்குக் காரணமாக இனங்காணப்பட்ட முதல் பாக்டீரியாக்களில் அது ஒன்று. ஆனால் 150 ஆண்டுகள் கடந்தும் அதை எந்த ஆய்வுக்கூட ஊடகத்திலும் வளர்க்க முடியவில்லை. 1960-இல் எலியின் பாதத்தில் அதைச் சிறிதளவு பெருக்க முடிந்தது. 1971-இல்தான் ஒன்பது பட்டை ஆர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கின் உடலில் அது ஏராளமாக வளர்வதைக் கண்டார்கள். அந்த விலங்கின் உடல் வெப்பம் நம்முடையதைவிடக் குறைவு. குளிர்ந்த உடற்பகுதிகளை விரும்பும் கிருமிக்கு அது ஏற்றதாக அமைந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு கிருமி வகையையும் இப்படித்தான் ஆர்மடில்லோவில் பெருக்கினார்கள். அதற்கு டி.என். வகை என்று பெயர். பாரிசின் பாஸ்டர் நிறுவனமும் இங்கிலாந்தின் சாங்கர் மையமும், ஸ்டூவர்ட் கோல் தலைமையில், 2001-இல் வெளியிட்ட முதல் முழுத் தொழுநோய்க் கிருமி மரபணுத் தொகுதி இந்த டி.என். வகையினுடையதுதான். உலகில் எந்தத் தொழுநோய் மரபணு ஆய்வை எடுத்தாலும் ஒப்பீட்டுக்கு அடிப்படையாக நிற்பது தமிழ்நாட்டுக் கிருமி என்பதை உங்கள் மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள்.

அந்த ஆய்வு தந்த எண்கள் வியப்பானவை. அதன் டி.என்.ஏ.வின் நீளம் 32,68,203 எழுத்துகள். அதன் நெருங்கிய உறவான காசநோய்க் கிருமிக்கு 44 லட்சம். காசநோய்க் கிருமியில் ஏறத்தாழ 4,000 மரபணுக்கள் வேலை செய்கின்றன. தொழுநோய்க் கிருமியில் வேலை செய்பவை 1,604 மட்டுமே. அவற்றோடு, இன்ன மரபணுவாக இருந்தது என்று அடையாளம் காணக்கூடிய நிலையில், ஆனால் சிதைந்துபோய், 1,116 போலி மரபணுக்கள் கிடக்கின்றன. பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. பொதுவாக மிக நெருக்கமானது. பத்தில் ஒன்பது பங்கு புரதங்களுக்கான செய்தியாகவே இருக்கும். இங்கே அது பாதியாகக் குறைந்துவிட்டது. அதற்கு முன் இப்படியொரு பாக்டீரியாவை யாரும் பார்த்திருக்கவில்லை.

ஒரு மரபணு எப்படிச் சாகிறது? உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. தாயும் சேயும் ஒன்றே என்பது பெரும்பாலும் உண்மை, முழு உண்மையன்று. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி மிகக் கவனமானது. தவறினால் திருத்திக்கொள்ளும் வசதியும் செல்லுக்குள் உண்டு. அப்படியிருந்தும் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவில் ஆயிரம் செல் பிரிதலுக்கு ஏறத்தாழ ஒரு புதிய திடீர்மாற்றம் தப்பிவிடுகிறது. கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் இரவு முழுவதும் வளர்ந்த கரைசலில் ஒரு மில்லிலிட்டரை எடுத்தால் அதில் நூறு கோடி செல்கள் இருக்கும். கடைசிப் பிரிதலில் மட்டும் பத்து லட்சம் புதிய மாற்றங்கள் அந்தத் துளிக்குள் தோன்றியிருக்கும். மதுரை காமராசர் பல்கலைக்கழக உயிரியல் புலத்தில் பேராசிரியர் ஆர். ஜெயராமன் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்தத் திடீர்மாற்றங்களைத்தான்: ஈ. கோலையில் அவை எப்போது கூடுகின்றன, பழுதுநீக்கும் மரபணுக்கள் கெட்டால் என்ன ஆகிறது என்பதை. நாகமலை அடிவாரத்தில் பாக்டீரிய மரபியலுக்கு ஒரு நல்ல மரபு இருந்திருக்கிறது.

புரதத்துக்கான செய்தி மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படுகிறது. நடுவில் ஓர் எழுத்து விழுந்துவிட்டால் அதன்பிறகு எல்லா மும்மைகளும் பிறழ்ந்துவிடும். சற்றுத் தூரத்திலேயே நிறுத்தக் குறியீடு ஒன்று வந்துவிடும். பாதிப் புரதத்தோடு வேலை நின்றுவிடும். மரபணு செத்துவிட்டது. இது எல்லாப் பாக்டீரியாக்களிலும் எல்லா நாளும் நடக்கிறது. பிறகு ஏன் எல்லாப் பாக்டீரியாக்களும் தொழுநோய்க் கிருமிபோல ஆகிவிடவில்லை?

இங்கேதான் இயற்கைத் தேர்வின் அதிகம் பேசப்படாத வேலை இருக்கிறது. புதிய நல்ல மாற்றத்தைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியே பாடங்கள் பேசுகின்றன. தேர்வின் அன்றாட வேலையோ இருப்பதைக் காப்பது. நம் பக்கத்துக் கண்மாய்களின் வரத்துக் கால்வாயை நினைத்துப் பாருங்கள். ஆயக்கட்டு விவசாயிகள் ஆண்டுதோறும் குடிமராமத்து செய்யும்வரை அதில் தண்ணீர் ஓடும். கீழே பயிர் வைப்பது நின்றுபோனால் கால்வாயை யாரும் வந்து மூட வேண்டியதில்லை. வண்டலும் சீமைக் கருவேலமும் தாமாக மூடிவிடும். மரபணுவும் அப்படியே. அதை இழந்த செல் செத்துப்போகும் நிலை இருக்கும்வரைதான், அல்லது மற்றவற்றைவிடப் பின்தங்கும் நிலை இருக்கும்வரைதான், அந்த மரபணு காப்பாற்றப்படும். தேவை நின்ற நாளிலிருந்து அது சிதையத் தொடங்கும்.

தொழுநோய்க் கிருமியின் மூதாதை எப்போதோ விலங்கின் செல்லுக்குள் நிரந்தரமாகக் குடியேறியது. அங்கே உணவு ஆயத்தமாகக் கிடைக்கிறது, வெப்பம் அதிகம் மாறுவதில்லை, போட்டிக்கு வேறு கிருமியும் இல்லை. வெவ்வேறு உணவுப் பொருள்களைச் செரிப்பதற்கான நொதிகள் அங்கே தேவைப்படவில்லை. இரும்பைப் பற்றி இழுத்துவரும் மூலக்கூறுகளைத் தயாரிக்கும் திறன் போய்விட்டது. ஆக்சிஜன் குறைவாக உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் சுவாசிப்பதற்கான தொடர்களில் பெரும்பகுதி போய்விட்டது. சாதாரணச் சுவாசத் தொடரிலும் ஒரு பகுதி போய்விட்டது. இவற்றையெல்லாம் கட்டுப்படுத்தும் மரபணுக்களும் சேர்ந்தே போயின. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்த மதன் பாபு 2003-இல் இதைப் பற்றி ஒரு நல்ல கருத்தை முன்வைத்தார். எந்த மரபணு எப்போது படிக்கப்பட வேண்டும் என்பதை முடிவுசெய்யும் சிக்மா காரணிகள் காசநோய்க் கிருமியில் 13. தொழுநோய்க் கிருமியில் நல்ல நிலையில் இருப்பவை 4 மட்டுமே. ஒரு சிக்மா காரணி கெட்டால் அது இயக்கிவந்த மரபணுக்கள் அனைத்தும் ஒரே நாளில் ஊமையாகிவிடும். ஊமையான மரபணுவில் எந்தச் சேதம் விழுந்தாலும் தேர்வின் கண்ணுக்குப் படாது. சிதைவு ஏன் இவ்வளவு பரவலாக நடந்தது என்பதற்கு இது எனக்கு நிறைவான விளக்கமாகத் தோன்றுகிறது.

தேவையின்மை மட்டும் காரணமன்று. எண்ணிக்கையும் ஒரு காரணம். ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும்போது கடந்துசெல்வது சில கிருமிகள் மட்டுமே. அந்தச் சிலவற்றில் கொஞ்சம் குறைபாடுள்ளது ஒன்று இருந்து, அதுவே புதிய உடலில் பெருகிவிட்டால், அந்தக் குறை அந்தக் கிளையில் நிலைத்துவிடும். கோடிக்கணக்கில் கலந்து போட்டியிடும் கூட்டத்தில் அது ஒருநாளும் வென்றிருக்காது. கூட்டம் சிறுத்தால் தேர்வின் பிடி தளரும்; தற்செயல் ஆளும். அதோடு மற்றப் பாக்டீரியாக்களோடு டி.என்.ஏ. கலப்பும் இல்லை. நல்ல பிரதி அருகில் எங்கும் இல்லாததால், விழுந்த சேதத்தை நீக்க வழியில்லை. ஒரு பக்கம் மட்டுமே திரும்பும் இந்தச் சக்கரத்தை 1964-இல் ஹெர்மன் முல்லர் விவரித்தார். முல்லரின் பற்சக்கரம் என்று மரபியலில் அதைச் சொல்கிறோம்.

இந்தச் சிதைவு நேற்று நடந்ததன்று. 2008-இல் மெக்சிகோ நோயாளிகளிடமிருந்து தொழுநோயை உண்டாக்கும் இரண்டாவது இனம் ஒன்று கண்டறியப்பட்டது. மைக்கோபாக்டீரியம் லெப்ரோமட்டோசிஸ் என்று அதற்குப் பெயர். 2015-இல் அதன் மரபணுத் தொகுதி வெளிவந்தது. இரண்டு இனங்களும் பிரிந்து ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது என்பது கணிப்பு. ஆனாலும் பெரும்பாலும் அதே மரபணுக்கள்தான் இரண்டிலும் செத்துக் கிடக்கின்றன. பொது மூதாதையிடமே சிதைவு பெரும்பாலும் முடிந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதன்பின் மாற்றம் மிக மெதுவாகவே நடக்கிறது. 2009-இல் நமது டி.என். வகையையும் பிரேசிலில் எடுக்கப்பட்ட ஒரு வகையையும் முழுமையாக ஒப்பிட்டபோது அவை 99.995 சதவீதம் ஒன்றாக இருந்தன. இடையில் ஒரு பெருங்கடலும் எத்தனையோ தலைமுறை மனிதர்களும் இருந்தும் வேறுபாடு அவ்வளவுதான். மனிதர்கள் கண்டம் விட்டுக் கண்டம் போன வழிகளை இந்தச் சில எழுத்து வேறுபாடுகளைக் கொண்டே ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்.

சீரழிவு என்ற சொல்லை நான் ஏற்காததற்குக் காரணம், மீதமிருப்பதில் இருக்கிறது. வேண்டாதவை போனபிறகும் உறையைக் கட்டும் மரபணுக்கள் பெருமளவு கச்சிதமாகக் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. அந்த உறையில் இருக்கும் ஒரு பீனாலிக் கிளைக்கோலிப்பிட், நம் நரம்புகளைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களின் மேற்பரப்பில் உள்ள லாமினின்-2 என்ற புரதத்தைச் சரியாகப் பற்றிக்கொள்கிறது. புற நரம்பைத் தாக்குவதில் இதற்கு ஈடான பாக்டீரியா வேறில்லை. இரண்டாகப் பிரிய ஏறத்தாழ 14 நாட்கள் ஆகின்றன, ஈ. கோலைக்கு நல்ல சூழலில் 20 நிமிடங்கள். அதனால்தான் தொற்றிய பிறகு நோய் வெளிப்பட ஆண்டுகள் ஆகின்றன. சிலருக்கு 20 ஆண்டுகள்கூட. இந்த மெதுவான, பாதி மரபணுக்களைத் தொலைத்த உயிரிதான் மனித வரலாறு முழுவதும் நம்முடன் வந்து, இன்றும் உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களை இந்தியாவில் உண்டாக்குகிறது. மானாமதுரைக்கு அருகே தயாபுரம் தொழுநோய் மருத்துவமனைக்கு இன்றும் வேலை இருப்பது அதனால்தான். தான் வாழும் இடத்தில் வெற்றிகரமாக வாழும் ஒன்றைச் சீரழிந்தது என்று எப்படிச் சொல்வது? பாக்டீரியாக்களை 'கீழ்நிலை உயிரிகள்' என்று எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது. பரிணாமம் ஏணியில் ஏறுவது என்ற எண்ணம் மாணவர்கள் மனத்தில் பதிந்துவிட்டால், அதன்பிறகு இந்த உண்மைகள் எதுவும் அவர்களுக்கு விளங்காது.

இழப்பது சில நேரம் ஆதாயமாகவும் இருக்கும். ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் ஒரே ஈ. கோலையிலிருந்து 12 கூட்டங்களைத் தொடங்கி, நாள்தோறும் புதிய ஊடகத்துக்கு மாற்றிவந்தார். ஊடகத்தில் இருந்த சர்க்கரை குளுக்கோஸ் மட்டுமே. 2,000 தலைமுறைக்குள் 12 கூட்டங்களும் ரைபோஸ் என்ற சர்க்கரையைப் பயன்படுத்தும் திறனை இழந்துவிட்டன. அந்த மரபணுக்களுக்கு அருகில் இருந்த தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று அவற்றை அடிக்கடி வெட்டி நீக்கியது. நீக்கப்பட்ட செல்கள் அந்தச் சூழலில் சற்று வேகமாகவும் வளர்ந்தன. பன்னிரண்டும் தனித்தனிக் குடுவைகளில் இருந்தும் ஒரே முடிவுக்கு வந்தன.

இந்தப் பாதையில் இன்னும் வெகுதூரம் போன ஒன்றை உங்கள் மாணவர்கள் வீட்டுத் தோட்டத்திலேயே சந்திக்கலாம். அவரைக் கொடியின் தளிரிலும் தட்டைப்பயறுக் காயிலும் கருப்பாக மொய்க்கும் அசுவினியின் உடலுக்குள், தனிச் செல்களில், புக்னெரா என்ற பாக்டீரியா வாழ்கிறது. தாயிடமிருந்து முட்டைக்கோ கருவுக்கோ கடந்து 15 கோடி ஆண்டுகளுக்கு மேலாக அது வெளியுலகைப் பார்த்ததில்லை. 2000-ஆம் ஆண்டில் பட்டாணி அசுவினியிலிருந்து எடுக்கப்பட்ட புக்னெராவின் தொகுதியைப் படித்தபோது 6,40,681 எழுத்துகளே இருந்தன. அதன் உறவான ஈ. கோலைக்கு 46 லட்சம். தொழுநோய்க் கிருமியைப்போல் இதில் போலி மரபணுக்கள் குவிந்துகிடக்கவில்லை. பாக்டீரியாக்களில் எழுத்து நுழைவதைவிட விழுவதே அதிகம். பிணமாகக் கிடந்தவை காலப்போக்கில் முற்றிலும் கரைந்துவிட்டன. ஆனால் அசுவினிக்குத் தேவையான அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் மரபணுக்களைப் புக்னெரா விடவில்லை. செடியின் சாற்றில் அவை மிகக் குறைவு. புக்னெரா தயாரித்துக் கொடுக்காவிட்டால் அசுவினி வளராது, அசுவினி வளராவிட்டால் புக்னெராவும் இல்லை. தேர்வு எதைக் காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இனி மதுரையின் பெயர் கொண்டதற்கு வருகிறேன்.

1842-இல் ஜான் கில் என்ற ஆங்கிலேய மருத்துவர், மதுரைப் பகுதியில் பாதம் வீங்கிப் புரையோடிச் சிறு மணிகளை வெளியேற்றும் ஒரு நோயைப் பதிவு செய்தார். 1846-இல் கோல்புரூக் அதை 'மதுரா பாதம்' என்றார். பம்பாயில் பணியாற்றிய வான்டைக் கார்ட்டர் 1860-இல் மைசெட்டோமா என்ற பெயரைத் தந்தார். காலணியின்றி வயலிலும் காட்டிலும் நடப்பவர்களின் பாதத்தில் முள் குத்தும்போது மண்ணிலிருக்கும் கிருமி உள்ளே போகிறது. ஆண்டுக்கணக்கில் மெதுவாக எலும்புவரை அரிக்கிறது. சிலருக்குக் காரணம் பூஞ்சை, சிலருக்குப் பாக்டீரியா. மருத்துவமும் அதற்கேற்ப முற்றிலும் வேறு. பாக்டீரியாக்களில் முக்கியமான ஒன்றுதான் ஆக்டினோமதுரா மதுரே. பேரினப் பெயரிலும் இனப் பெயரிலும் நம் ஊர் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல்தான் இந்த நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஏழை உழவர்களின் காலில் வரும் நோய்க்கு அந்த இடம் கிடைக்க அவ்வளவு காலம் ஆகியிருக்கக் கூடாது.

இதன் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ ஒரு கோடி எழுத்துகள் உள்ளன. தொழுநோய்க் கிருமியைப்போல் மூன்று மடங்கு, புக்னெராவைப்போல் பதினைந்து மடங்கு. தொழுநோய்க் கிருமியும் இதுவும் ஆக்டினோபாக்டீரியா என்ற ஒரே பெருங்குழுவைச் சேர்ந்தவை என்பதை மறக்க வேண்டாம். வேறுபாடு வாழ்க்கை முறையில்தான் இருக்கிறது. மனிதப் பாதம் இதற்குத் தற்செயலான இடம். உண்மையான வீடு மண். உங்கள் திருமங்கலம் கரிசலையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் வெடித்துக் கிடக்கிறது, ஐப்பசியில் குழைந்து ஒட்டுகிறது. ஒரு பருவம் பருத்திச் செத்தை, அடுத்த பருவம் சோளத்தட்டை. ஒரு சிட்டிகை மண்ணுக்குள் எத்தனையோ போட்டியாளர்கள். இத்தகைய இடத்தில் எந்த மரபணு எப்போது உயிரைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படுவதும் தேர்வின் காவலில் இருக்கும். இதன் உறவான ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலரின் தொகுதி 2002-இல் வந்தபோது 7,825 மரபணுக்கள் கணக்கிடப்பட்டன. அவற்றில் பல, எதிர்உயிரிகளையும் பிற வேதிப்பொருள்களையும் தயாரிப்பவை. ஸ்ட்ரெப்டோமைசின் முதல் பல மருந்துகள் இந்தக் குடும்பத்திலிருந்தே வந்தன. முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினைத் தயாரிப்பதும் பெரும்பாலும் இவைதான். காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கே. தர்மலிங்கம் ஸ்ட்ரெப்டோமைசிஸையும் தொழுநோயையும் ஆய்வுப் பொருளாகக் கொண்டிருந்தார்.

இவ்வளவு மரபணுக்கள் எப்படிச் சேர்ந்தன? ஏற்கெனவே இருக்கும் ஒன்று இரட்டித்து, ஒரு பிரதி புதிய வேலைக்குத் திரும்புவது ஒரு வழி. மற்றொன்று, வேறு பாக்டீரியாவிடமிருந்து வாங்குவது. இந்த இரண்டாவது வழியை 1928-இல் பிரெடெரிக் கிரிஃபித் கண்டார். நோய் தராத நிமோனியாக் கிருமியோடு, சூட்டில் கொல்லப்பட்ட நோய்தரும் வகையைக் கலந்து எலிக்குச் செலுத்தினார். எலி இறந்தது, அதன் இரத்தத்தில் உயிருள்ள நோய்தரும் வகை இருந்தது. செத்த செல்லின் ஏதோ ஒன்று உயிருள்ள செல்லுக்குள் போயிருக்கிறது. அது டி.என்.ஏ. என்று 1944-இல் ஏவரியும் தோழர்களும் நிறுவினார்கள். டி.என்.ஏ.தான் மரபுப்பொருள் என்று மனித இனம் அறிந்ததே, பாக்டீரியாக்கள் மரபணுக்களைக் கடன் வாங்குவதால்தான். 1946-இல் லெடர்பெர்க்கும் டேட்டமும் இரண்டு செல்கள் இணைந்து டி.என்.ஏ.வைக் கடத்துவதைக் காட்டினார்கள். 1952-இல் ஜிண்டரும் லெடர்பெர்க்கும், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒரு செல்லின் மரபணுவை இன்னொன்றுக்குச் சுமந்துசெல்வதைக் கண்டார்கள்.

இவை அரிய நிகழ்ச்சிகள் என்றே வெகுகாலம் கருதப்பட்டன. 2002-இல் மூன்று ஈ. கோலை வகைகளின் முழுத் தொகுதிகளை ஒப்பிட்டபோது அந்த எண்ணம் மாறியது: ஆய்வுக்கூடத்தின் சாது வகை, இரத்தக் கழிச்சல் தரும் வகை, சிறுநீர்ப்பாதைத் தொற்று தரும் வகை. மூன்றிலும் உள்ள புரதங்களையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால், மூன்றுக்கும் பொதுவானவை 39.2 சதவீதம் மட்டுமே. ஒரே இனப்பெயர் கொண்டவற்றுக்குள் இவ்வளவு வேறுபாடு. அதனால் பாக்டீரியாவில் 'இனத்தின் மரபணுத் தொகுதி' என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. எல்லோரிடமும் இருக்கும் ஒரு மையம், அதைச் சுற்றி வந்துபோகும் ஒரு பெரும் கூட்டம் என்றே பேச வேண்டும்.

வயலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும். உளுந்து, நிலக்கடலை விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் என்ற வேர்முடிச்சுப் பாக்டீரியாவோடு கலந்து நிழலில் உலர்த்தி விதைப்பது நம் பக்கத்தில் தெரிந்த முறை. மதுரை வேளாண் கல்லூரியும் இதைத்தான் பரிந்துரைக்கிறது. நியூசிலாந்தில், லோட்டஸ் என்ற தீவனப் பயறுக்கு ஏற்ற ரைசோபியம் இல்லாத ஒரு நிலத்தில், இப்படி ஒரே ஒரு வகையைச் சேர்த்து விதைத்தார்கள். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு வேர் முடிச்சுகளைப் பிரித்துப் பார்த்தால் பலவகைப் பாக்டீரியாக்கள் இருந்தன. ஆனால் அவை எல்லாவற்றிலும் முடிச்சு உண்டாக்கும், நைட்ரஜனை நிலைநிறுத்தும் மரபணுப் பகுதி ஒன்றே. விதையோடு போன வகை, ஐந்து லட்சம் எழுத்து நீளமுள்ள அந்தப் பகுதியை மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்த பாக்டீரியாக்களுக்குக் கொடுத்திருக்கிறது. அவையும் ஒரே நாளில் பயறின் கூட்டாளிகளாகிவிட்டன. ஜான் சலிவன், கிளைவ் ரான்சன் குழுவினர் 1995-இலும் 1998-இலும் இதை வெளியிட்டார்கள். திடீர்மாற்றம் ஒவ்வொன்றாகக் கூடி இப்படியொரு திறன் உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

இப்போது உங்கள் மாணவிக்குப் பதில். ஒரு மண் பாக்டீரியா ஒரு மரபணுவை இழந்தால், அதன் நல்ல பிரதி அக்கம்பக்கத்து உறவுகளிடம் இருக்கும். இணைவோ வைரஸோ செத்த செல்லின் டி.என்.ஏ.வோ அதைத் திரும்பக் கொண்டுவரக்கூடும். தொழுநோய்க் கிருமிக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. அது வாழும் ஷ்வான் செல்லுக்குள்ளும் விழுங்கு செல்லுக்குள்ளும் கொடுப்பதற்கு வேறு பாக்டீரியா இல்லை. சரி, இருக்கும் போலி மரபணு தானாகவே பழுது நீங்கிக்கொள்ளாதா? ஒரே ஓர் எழுத்து கெட்டிருந்தால் அதற்கு நேர்மாறான மாற்றம் விழக் கொஞ்சம் வாய்ப்புண்டு. இங்கேயோ ஒவ்வொன்றிலும் பல இடங்களில் சேதம். அத்தனையும் சரியான வரிசையில் நேராவது நடக்காது. நேரானாலும் அதை இயக்கும் கட்டுப்பாடு எப்போதோ போய்விட்டது.

இந்தப் பதில் வகுப்பறையோடு நிற்பதன்று. தொழுநோய்க்கும் காசநோய்க்கும் மருந்து கொடுக்கும் முறை இதில்தான் நிற்கிறது. இந்த இரு கிருமிகளும் பிளாஸ்மிட் (செல்லுக்குள் தனியாக இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையம்) வழியாக எதிர்ப்பு மரபணுக்களை வாங்குவதில்லை. மருந்துக்கு எதிர்ப்பு வருவது தங்கள் டி.என்.ஏ.வில் விழும் திடீர்மாற்றத்தால் மட்டுமே. ரிஃபாம்பிசின் என்ற மருந்து ஒட்டும் இடம், ஆர்.என்.ஏ.வைத் தயாரிக்கும் நொதியின் ஒரு பகுதி. அந்தப் பகுதிக்கான ஆர்.பி.ஓ.பி. என்ற மரபணுவில் குறிப்பிட்ட சில எழுத்துகளில் ஒன்று மாறினால் மருந்து பிடிக்காது. அப்படிப்பட்ட செல் ஒரு கோடியில் ஒன்று இருக்கும் என்று கொள்ளுங்கள். வேறு வழியில் கொல்லும் இரண்டாவது மருந்துக்குத் தப்புவதும் அதே அளவு அரிது என்றால், இரண்டுக்கும் சேர்த்துத் தப்பக்கூடியது நூறு லட்சம் கோடியில் ஒன்றுதான். ஓர் உடலில் அத்தனை கிருமிகள் இருக்க வாய்ப்பில்லை. டாப்சோன் மட்டுமே கொடுத்துவந்த காலத்தில் எதிர்ப்பு பரவியது. 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபசிமின் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கப் பரிந்துரைத்ததன் கணக்கு இதுவே. அந்தக் கணக்கு பொய்க்காமல் இருப்பது நோயாளி மாத்திரையை நடுவில் நிறுத்தாதவரைதான். நிறுத்தினால், ஒன்றுக்குத் தப்பியது பெருக இடம் கிடைத்துவிடும்.

மருத்துவமனைகளை மிரட்டும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவிடம் இந்தக் கணக்குச் செல்லாது. அது ஆக்டினோமதுராவைப்போல வாங்கிச் சேர்க்கும் வகை. ஒரே பிளாஸ்மிட்டில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் வரிசையாக ஏறியிருக்கும். ஒரே இணைவில் அத்தனையும் கைமாறும். அங்கே மருந்துகளைச் சேர்ப்பதைவிட, தேவையற்ற மருந்தைத் தவிர்ப்பதும் கைகளைக் கழுவுவதும் கழிவுநீரைச் சுத்திகரிப்பதுமே முதன்மையான காப்பு. சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் கேட்டு எதிர்உயிரி வாங்கி விழுங்கும் பழக்கத்தைப் பற்றி உங்கள் வகுப்பில் கண்டிப்பாகப் பேசுங்கள். நம் குடலின் சாதுவான பாக்டீரியாக்கள்கூட அந்த மரபணுக்களைச் சேர்த்துவைத்துக்கொள்கின்றன. பிறகு நோய்க்கிருமிக்குக் கொடுக்கின்றன.

வகுப்பில் செய்துகாட்ட ஒரு வழியும் உண்டு. டி.என். வகையின் முழுத் தொகுதியும் ஜென்பேங்க் தரவுத்தளத்தில் ஏஎல்450380 என்ற எண்ணில் இலவசமாகக் கிடைக்கிறது. காசநோய்க் கிருமியின் எச்37ஆர்வி வகையும் அங்கே இருக்கிறது. இரண்டிலும் ஒரே மரபணுவைத் தேர்ந்து, ஒன்றில் அது முழுதாக இருப்பதையும் மற்றதில் நிறுத்தக் குறியீடுகள் குறுக்கிட்டுச் சிதைந்திருப்பதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். பள்ளிக் கணினியே போதும். கேள்வி கேட்ட மாணவியிடம் முதலில் இரும்பு சேகரிக்கும் மைக்கோபாக்டின் மரபணுக்களைக் கொடுங்கள். சில இடங்களில் அவளுக்குச் சிதைந்த மிச்சம்கூடக் கிடைக்காமல் போகலாம். அந்த வெற்றிடமும் அவள் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதிதான்.